தோட்டத்துக் கொட்டாய்க்கு ராத்திரி லைட் எரிய சின்ன சோலார் பேனல் ஒண்ணு போதுமா?

போதும், தாராளமா போதும். "அதெல்லாம் விளையாட்டு சாமான், ஒரு மழைக்காலம் தாங்காது"ன்னு எங்கிட்டயும் சொன்னாங்க, சொன்னவங்க வீட்டுலயே இப்ப அது எரியுது, அதனாலதான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உக்காந்துட்டேன்.

உங்க கொட்டாய்ல என்ன இருக்குன்னு நீங்க எழுதல. நாலு மாடு, தீவன மூட்டை, ஸ்ப்ரேயர், மம்பட்டி, ராத்திரி உள்ள போனா எங்க கால் வைக்கறதுன்னே தெரியாது, இப்படித்தான் இருக்கும்னு வச்சிக்கறேன். எங்களுது தர்மபுரி ஜில்லா, பாலக்கோடு பக்கம். கரண்ட் கம்பத்துக்கும் கொட்டாய்க்கும் ரொம்ப தூரம். "கிணத்துக்கு இலவச கரண்ட் வருதே, அதுல ஒரு ஒயர் இழுத்துக்கோயேன்"னு யாராச்சும் கமென்ட்ல வருவீங்க, தெரியும். அது மோட்டாருக்குக் குடுத்த சர்வீஸ்ங்க, மாட்டுக் கொட்டாய் வரைக்கும் இழுத்தா நாளைக்கு ஃபைன் கட்டப்போறது நான்தான், நீங்க இல்ல.

டவுன்ல ஒரு கடைல கேட்டா 150 ஏஎச் (பேட்டரி எவ்வளவு புடிக்கும்ங்கற அளவு) டியூபுலர் பேட்டரி, இன்வெர்ட்டர் (பேட்டரி கரண்டை வீட்டு ஏசி கரண்டா மாத்தற பெட்டி), ரெண்டு பெரிய பேனல்னு கொட்டேஷன் போட்டுக் குடுத்தாங்க. மூணு பல்புக்கு! பேப்பரை மடிச்சு சட்டைப் பைல வச்சிட்டு வந்துட்டேன்.

கணக்கு ரொம்ப சிம்பிள். உள்ள 5 வாட் பல்பு ரெண்டு, ஆறு மணி நேரம் எரிஞ்சா 60 வாட்ஹவர் (வாட்டை மணி நேரத்தால பெருக்குனது). வாசல்ல 3 வாட் ஒண்ணு விடிய விடிய 12 மணி நேரம், அது 36. ஆக ஒரு ராத்திரிக்கு நூறுக்குள்ள. நம்ம பக்கம் வெயில ஒரு நாளைக்கு சுமாரா 5 மணி நேர முழு வெயில்னு எடுத்துக்கலாம், 50 வாட் பேனல்னா 250 வரணும், சூடு, தூசி, கன்ட்ரோலர்ல (பேனல்லேர்ந்து பேட்டரிக்குப் போற சார்ஜை அளவா விடற பெட்டி) போறது எல்லாம் கழிச்சா 150, 160 நிச்சயம். 12 வோல்ட் 12 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 150 வாட்ஹவர் புடிக்கும், ஒரு ராத்திரி போக கொஞ்சம் மிச்சம் நிக்கும். பல்பு 12 வோல்ட் டிசி பல்பாவே வாங்குங்க, நடுவுல இன்வெர்ட்டர் வச்சா பல்பு எரியாதப்பவும் அது பாட்டுக்கு பேட்டரியைத் தின்னுட்டே இருக்கும். எலக்ட்ரிக்கல் படிச்சவங்க எம்பிபிடி (பேனல்லேர்ந்து இன்னும் கொஞ்சம் கூட எடுக்கற, விலை கூடுன கன்ட்ரோலர்) போடலயான்னு சண்டைக்கு வராதீங்க, இந்த சைஸுக்கு பிடபிள்யூஎம்னு சொல்ற சாதா கன்ட்ரோலரே போதும், அதுல லித்தியம் செட்டிங் இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. கன்ட்ரோலர்ல ஒயர் மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனல். பேட்டரி பிளஸ் பக்கத்துலயே ஒரு ஃபியூஸ், அதை மட்டும் சோம்பேறித்தனப்படாம போட்டுருங்க.

ஆன்லைன்ல "300 வாட்" சோலார் லைட்டுன்னு ஆயிரம் ரூபாய்க்குள்ள விக்கிறானே, அது வேண்டாம். உச்சி வெயிலே சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட்தான், பேனல் அதுல சுமார் அஞ்சுல ஒரு பங்குதான் எடுக்கும், அப்ப சதுர அடிக்கு சுமார் 20 வாட்தான். உள்ளங்கை அகலத்துல பேனலை ஒட்டி 300ன்னு அச்சடிச்சா அது அட்டைப்பெட்டியோட வாட்டா, லைட்டோட வாட்டா?

பேனல் தெக்கு பார்த்து லேசா சாய்ஞ்சா போதும், 12 டிகிரி மாதிரி. நிழல்தான் முக்கியம், ஒரு ஓலை நிழல் குறுக்க விழுந்தாலே பாதிக்கு மேல போயிரும், பேனல்ல இருக்கற செல்லெல்லாம் சீரிஸ்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்து இருக்கறதால. சித்திரைல பார்த்துட்டு நிழலே இல்லன்னு மாட்டிடாதீங்க, மார்கழில சூரியன் தெக்க சாஞ்சிரும், 40 அடி தென்னை மத்தியானத்துலயே 28 அடி தூரத்துக்கு நிழல் போடும். எனக்கு எப்படித் தெரியும்னா எங்க தெக்கால பங்காளி வரப்பு மேலயே தென்னை வச்சிருக்காரு. வரப்புக்கு உள்ள தள்ளி வைங்கன்னு கன்னு வைக்கும்போதே எங்கப்பா சொன்னாரு, கேக்கல. இப்ப மட்டை எங்க பக்கம் விழுது, காய் விழுந்தா மட்டும் எண்ணிப் பார்த்து எடுத்துட்டுப் போறாரு, சர்வேயரைக் கூட்டியாந்து அளந்து கல்லு நட்டோம், அடுத்த மழைக்கு கல்லையே காணோம். கேட்டா மாடு முட்டி சாஞ்சிருக்கும்ங்கறாரு. சாஞ்ச கல்லு எங்கய்யா? சரி விடுங்க, அதனால பேனலைக் கொட்டாய் மேல வைக்காம வடக்கால தனியா பைப் நட்டு வச்சேன், அதான் விஷயம்.

தூரமா வச்சா ஒயர் தடிமனா போடுங்க, 12 வோல்ட்ல மெல்லிசு ஒயர் போட்டா வழியிலயே வோல்ட் குறைஞ்சு பல்பு மங்கும். நான் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போட்டிருக்கேன்.

லைட்டைப் பார்த்து ஆனை வராதுன்னு நான் சொல்லல, எங்க பக்கம் அது வர்றது வந்துட்டுதான் இருக்கு, ஆனா கதவைத் திறக்கும்போது வாசல்ல விரியன் கிடக்கான்னு தெரியுது, எங்க வீட்டுல அதுக்கே காசு வந்துடுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் பேனலை பைப்ல மாட்டுனதும் நட்டு மேல ஒரு பொட்டு வெல்டிங் வச்சிருங்க, ஸ்பேனரோட சுத்தறவனுங்க எல்லா ஊர்லயும் இருக்கானுங்க.