தாத்தா கல்யாணப் படத்தில் ஒட்டுத் தெரிகிறது, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தாத்தா, ஆயா கல்யாணத்தன்று டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டு வாசலில் எடுத்த குரூப் போட்டோ எங்களிடம் இருக்கிறது. அகலம் 20 அங்குலம், உயரம் 16 அங்குலம், தடித்த அட்டையில் ஒட்டியது. வீட்டு ஏ4 ஸ்கேனரில் நான்கு துண்டாக ஸ்கேன் செய்து பனோரமா மென்பொருளில் சேர்த்தேன். நடு வரிசையில் ஒரு மாமாவுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு காது. ஆயாவின் மாலை பாதியில் முறிந்து விலகி நிற்கிறது. மேல் பாதி வெளுப்பாகவும் கீழ் பாதி இருட்டாகவும் இருக்கிறது. நல்ல மென்பொருள் எதையாவது காசு கொடுத்து வாங்க வேண்டுமா? — ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: வாங்க வேண்டாம். கோளாறு நடந்த இடம் ஸ்கேனர் கண்ணாடி. படத்தை இன்னொரு தடவை, ஆறு துண்டாக ஸ்கேன் செய்யுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படத்தின் உயரம் 40.6 செ.மீ. கண்ணாடியின் குறுகிய பக்கம் சுமார் 21.6 செ.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எடுத்தால் இரண்டிலும் பொதுவாக வருவது இரண்டரை செ.மீ. அளவுதான். அந்த இரண்டரையும் உருப்படியானது அல்ல. கண்ணாடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை விரலால் தடவுங்கள். பல ஸ்கேனர்களில் அது கண்ணாடியைவிடக் கொஞ்சம் மேடாக இருக்கும், நகம் தட்டும். பெரிய அட்டை அந்த மேட்டின்மேல் உட்காருவதால் ஓரத்தில் கண்ணாடியைத் தொடாமல் தூக்கி நிற்கும். யூஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் படத்தைப் பதிவது சிஐஎஸ் என்ற வகை சென்சார். கண்ணாடியோடு ஒட்டி இருப்பதைத்தான் அது கூர்மையாகப் பிடிக்கும். சற்றே விலகினாலும் மங்கிவிடும். ஆக, படத்திலேயே மோசமாகப் பதிந்த இடத்தை வைத்துத்தான் மென்பொருள் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. மாமாவின் காது இரண்டானது அங்கேதான்.

உயரத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு என்று எடுத்தால் மேல்கீழ்த் துண்டுகளுக்குள் 12 செ.மீ., பக்கத்துத் துண்டுகளுக்குள் எட்டு செ.மீ.க்கு மேல் பொதுப் பகுதி கிடைக்கும். மங்கலான ஓரங்களை வெட்டி எறிந்தாலும் மிச்சம் இருக்கும்.

மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். கீல் பக்கம் அட்டை முட்டுகிறதே என்று ஒரு துண்டை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைக்கத் தோன்றும், செய்யாதீர்கள். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் படத்தின் விரிசல்களுக்கு மெல்லிய நிழல் விழும். திருப்பினால் நிழல் எதிர்ப்பக்கம் போய், ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். வளைந்த அட்டையை அழுத்தி நேராக்கவும் வேண்டாம், உடைந்துபோகும். அப்படி வளைந்திருந்தால் கேமராவில் நேர் எதிரே வைத்துப் படமெடுப்பதே நல்லது.

வெளுப்பு, இருட்டுக்கு வேறு காரணம். தானாக வெளிச்சம் சரிசெய்யும் வசதி ஒவ்வொரு துண்டையும் தனியாக எடை போடுகிறது. முன்வரிசை வேட்டிகளின் வெள்ளையைப் பார்த்துக் கீழ்த் துண்டை இருட்டாக்கியது. பின்வரிசைக் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்து மேல் துண்டை வெளுத்தது. அந்த வசதியை அணைத்துவிட்டு, ஆறு துண்டுக்கும் ஒரே அளவை வையுங்கள். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். அரை அங்குல முகம் 300 பிக்சல் வரும், கண் இமை வரை தெரியும். படத்தைச் சுருக்கித் தரத்தைக் குறைக்கும் ஜேபெக் வேண்டாம், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இது சுத்தத்துக்காக மட்டும் சொல்வதல்ல. துண்டுகளை ஒட்டும் மென்பொருள், இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் புள்ளிகளைத் தேடிப் பொருத்துகிறது. கணினி ஆய்வாளர் டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட, சிஃப்ட் என்னும் புள்ளி தேடும் முறை வந்த பிறகுதான் இந்தத் தேடல் நம்பும்படி ஆனது. கண்ணாடியில் ஒட்டிய தூசி எல்லா ஸ்கேனிலும் அதே இடத்தில் இருக்கும், மென்பொருள் அதையும் பொதுப் புள்ளி என்று நம்பிவிடலாம். ஆனால் படத்தின் மேலேயே உள்ள விரிசலும் கறையும் நமக்கு நண்பர்கள். வெறும் வெள்ளை வேட்டியில் பிடிக்க எதுவும் இல்லை. சேலைக் கரையில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருவதால் தப்பான பூவோடு பொருந்திவிடும். அங்கெல்லாம் ஒரு விரிசல் முனையையோ கோட்டுப் பொத்தானையோ நீங்களே கையால் குறித்துக் கொடுங்கள்.

மென்பொருளுக்கு ஹ்யூகின் போதும், இலவசம். கேமரா ஒரே இடத்தில் நின்று திரும்பியதாக எண்ணித்தான் பனோரமா மென்பொருள் கணக்குப் போடுகிறது. உங்கள் படமோ பக்கவாட்டில் நகர்ந்தது. அதனால் லென்ஸ் வகையை நார்மல் என்றும் பார்வைக் கோணத்தை 10 டிகிரி என்றும் கொடுங்கள். சுழற்சி, எக்ஸ், ஒய் நகர்வு இவற்றை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். வெளியீட்டு முறை ரெக்டிலீனியர். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ஃபோட்டோமெர்ஜில் கொலாஜ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு ஒட்டு எந்த முகத்தின்மேல் போகிறது என்று பார்த்து, துண்டின் ஒரு பகுதியை மறைக்கும் ஹ்யூகினின் மாஸ்க் வசதியால் அதைத் தூண் ஓரத்துக்கோ, இருவருக்கு நடுவே உள்ள இடைவெளிக்கோ தள்ளுங்கள்.

ஓரத்தில் ஏதாவது விடுபட்டால், செயற்கை நுண்ணறிவை வைத்து நிரப்பாதீர்கள். மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனரை விட்டு நம் இந்தியக் குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அங்கிருந்த மரமும் தகரமுமான வீடுகள் எத்தனையோ போய்விட்டன. ஆயாவுக்குப் பின்னால் தெரியும் அந்தக் கூரையை யாரோ கற்பனை செய்து வரைந்ததாக ஆக்கிவிடக் கூடாது.

வேலை முடிந்த பிறகும் ஆறு மூலத் துண்டுகளை வைத்திருங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் இதே போல ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ, யாராவது பென்சிலில் எழுதிய பெயரோ அங்கே இருக்கலாம்.