மிகப் பெரிய பகா எண்: கேள்வி பதில்

செல்வி, பெரம்பூர்: நமக்குத் தெரிந்த பகா எண்களில் பெரியது எது சார்?

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்தது. 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி, அதில் 1 கழிக்க வேண்டும். 4,10,24,320 இலக்கங்கள், கடைசி இரண்டும் 51. இரும முறையில் எழுதினால் 1-ஐத் தவிர வேறு எதுவுமே வராது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

முருகன், தாம்பரம்: அவ்வளவு பெரிய எண்ணை வகுத்தா பார்த்தார்கள்?

முழுக்க வகுத்துப் பார்க்க எந்தக் கணினியாலும் முடியாது. இறுதியில் உறுதி செய்தது லூகாஸ்-லேமர் சோதனை. 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அது 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள்: 14. மறுபடியும்: 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அந்த 8-ஐ வைத்து மறுபடியும்: 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது மூன்று சுற்று. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் நிச்சயம் இல்லை.

அதற்கு முன்பே சிறிய காரணிகளைத் தேடி வடிகட்டுவார்கள். அடுக்கு 11 என்றால் 2047 = 23 × 89. இரண்டையும் 22-ஆல் வகுத்தால் மீதி 1. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், அதன் இரு மடங்கால் வகுக்கும்போது எந்தக் காரணியும் மீதி 1 தரும். மற்ற எண்களைத் தொடவே வேண்டாம்.

அன்வர், ராயபுரம்: அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதாதா?

மேலே 2047-ஐப் பாருங்கள்.

கீதா, அசோக் நகர்: வங்கிப் பாதுகாப்புக்கு இது உதவுமா?

உதவாது. அங்கே தேவை யாருக்கும் தெரியாத, சில நூறு இலக்கப் பகா எண்கள். இது ஊருக்கே தெரிந்த எண்.

கார்த்திக், வேளச்சேரி: எதற்கு இவ்வளவு பாடு? இதுவரையுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டினால் இதைவிடப் பெரிய பகா எண் கிடைத்துவிடுமே!

2×3×5×7×11×13+1 = 30031. அது 59 × 509.

கார்த்திக்: ஆனால் 3, 7, 31, 211, 2311 எல்லாம் சரியாக வருகிறதே சார்?

ஐந்து முறை சரியாக வந்து ஆறாவதில் உடைகிறது. நாலு எண்ணைப் பார்த்து விதி எழுதாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல், 2-இன் எந்தெந்த அடுக்குகளில் 1 கழித்தால் பகா எண் வரும் என்ற தன் பட்டியலில் 67-ஆம் அடுக்கைச் சேர்த்தார். அது தவறு என்று 1876-இல் லூகாஸ் காட்டினார். 1903-இல் ஃபிராங்க் கோல் காரணிகளையே கொடுத்தார்: 193707721 × 761838257287.

மீனாட்சி, திருவான்மியூர்: பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று நிறுவும் பாடத்தில், எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டி, "அந்த எண் பகா எண்ணாகிறது, எனவே முரண்பாடு" என்றுதானே படித்தோம்? கார்த்திக் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நல்ல கேள்வி அம்மா. "பகா எண்கள் இவ்வளவுதான்" என்ற அனுமானத்துக்குள் மட்டும் அந்த வரி செல்லும். அனுமானம் விழுந்ததும் அதுவும் விழுந்துவிடும். யூக்ளிட் காட்டியது, நாம் பெருக்கிய பகா எண்களின் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எப்போதும் உண்டு என்பதைத்தான். 59 பட்டியலில் இல்லை, 509-ம் இல்லை. அவ்வளவே.

ரவி, அம்பத்தூர்: இதை வைத்து ஓடிபி பாதுகாப்பை...

கீதாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பிளஸ் டூ மாணவி, கொளத்தூர்: என் லேப்டாப்பில் நானும் தேடலாமா?

தாராளமாக. இப்படிப்பட்ட பகா எண்களைப் பலரும் சேர்ந்து தங்கள் கணினிகளில் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தின் மென்பொருள் இலவசம். ஆனால் நாள்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். சென்னை மே மாதத்தில் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டாதே, பழைய டெஸ்க்டாப் இருந்தால் நல்லது. அதற்கு முன், 2-இன் 7-ஆம் அடுக்கில் 1 குறைவான 127-ஐ மேலே சொன்ன லூகாஸ்-லேமர் முறையில் கையால் சோதித்துப் பார். 4, 14, 67, 42, 111, 0 என்று வர வேண்டும்.