பிராந்திய விமான நிறுவன நேர்காணலும் முதல் ஆண்டும்: ஒரு தம்பிக்குப் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

விமானப் பயிற்றுநராகப் பறந்து 1,500 மணி நேரத்தை நெருங்கிவிட்டதாகவும், அமெரிக்கப் பிராந்திய விமான நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எதைப் படிப்பது, முதல் ஆண்டு எப்படியிருக்கும், மனைவியையும் குழந்தையையும் உடனே இடம் மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிரீன் கார்டு கையில் இருப்பதால், இங்கே வரும் பலரைத் தடுத்து நிறுத்தும் வேலை அனுமதிச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

லாக்புக்கில் (பறந்த நேரங்களைக் குறித்துவைக்கும் ஏட்டில்) உள்ள கூட்டுத்தொகைகளும் விண்ணப்பத்தில் எழுதிய எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். ஏதேனும் ஒரு செக்ரைடில் (உரிமத்துக்கான பறத்தல் தேர்வில்) தேர்ச்சி பெறாமல் போயிருந்தால் அதை மறைக்க வேண்டாம். வேலைக்கு எடுக்கும் நிறுவனம், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் விமானிப் பதிவேடுகளைப் பார்த்தாக வேண்டும் என்பதே சட்டம். தேர்வில் தவறியதைவிட அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாகக் கருதப்படும்.

தொழில்நுட்பப் பகுதியில் பெரும்பாலும் ஜெப்பசன் நிறுவனத்தின் சார்ட்டை (விமானிகளுக்கான வழிகாட்டி வரைபடத்தை) கையில் கொடுத்து, ஒரு அப்ரோச்சை, அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும் முறையை, விளக்கச் சொல்வார்கள். மெட்டார் (விமான நிலையத்தின் தற்போதைய வானிலை அறிக்கை), டாஃப் (அதன் வானிலை முன்னறிவிப்பு) ஆகியவற்றைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். வேக வரம்புகளான 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்குக் கடல் மைல்), ஹோல்டிங்கில் (வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும்போது) 6,000 அடி வரை 200 நாட், அதற்கு மேல் 14,000 அடி வரை 230, அதற்கும் மேலே 265 என்பவை கேட்டவுடன் வர வேண்டும். மனத்துக்குள் படித்தால் போதாது. யாரையாவது எதிரில் உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; வேகத்தைக் குறைத்துத் தெளிவாகப் பேசினால் போதும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நம்மில் பலர் மூத்தவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாமல் வளர்ந்தவர்கள். அந்தப் பண்பு வீட்டில் நல்லதுதான். காக்பிட்டில் அது ஆபத்து. ‘அப்ரோச் நிலைகொள்ளவில்லை (வேகமும் இறக்கமும் வரம்புக்குள் வரவில்லை), கேப்டன் தொடர்ந்து இறங்குகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் எதிர்பாருங்கள். ‘மரியாதையாக எடுத்துச் சொல்வேன்’ என்று நிறுத்திவிட்டால் அது பதிலாகாது. எவ்வளவு வேகம் கூடுதலாக இருக்கிறது என்பதை எண்ணோடு சொல்வேன், திருத்தம் வராவிட்டால் ‘கோ அரவுண்ட்’ (இறங்குவதை விட்டு மீண்டும் மேலே ஏறு) என்று உரக்கச் சொல்வேன் என்று தயங்காமல் கூறுங்கள். கேப்டனிடம் மது வாடை வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கும் அப்படித்தான்: அந்த விமானம் கிளம்பாது என்பதே உங்கள் பதிலின் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

இந்தக் கேள்விகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். இறங்கும்போது வேகம் குறைந்துகொண்டே போனதை இரு விமானிகளும் கவனிக்கத் தவறினர். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறையும்போது கட்டுப்பாட்டுத் தண்டை அதிரச் செய்யும் ஸ்டிக் ஷேக்கர் எச்சரித்தபோது, கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கட்டுப்பாட்டைத் தம் பக்கம் இழுத்தார். விமான நிறுவன விமானியாகப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற, நீங்கள் இப்போது நிறைவு செய்யப்போகும் விதியே அந்த விபத்தைத் தொடர்ந்து 2010இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வந்ததுதான்.

வேலை உறுதியானதும், ஏற்கெனவே முடித்திராவிட்டால், ஏடிபி-சிடிபி (விமான நிறுவன விமானி உரிமத் தேர்வுக்கு முன் கட்டாயமான பயிற்சி) வகுப்புக்கு அனுப்புவார்கள்: 30 மணி நேரம் வகுப்பறை, 10 மணி நேரம் சிமுலேட்டர். அதன் பிறகு வருவதுதான் உண்மையான சுமை. விமானத்தின் அமைப்புகள், வரம்பு எண்கள், ஃப்ளோக்கள் (சுவிட்சுகளை வரிசையாகச் சரிபார்க்கும் முறைகள்), அவசரநிலை மனப்பாடங்கள் எல்லாம் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்து வரும். நிறுவனம் முன்கூட்டியே அனுப்பும் வரம்புகளையும் மனப்பாடப் பகுதிகளையும் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். மாலையில் தனியாக அறையில் அடைந்து படிக்காமல், சிமுலேட்டரில் உங்களோடு சேர்ந்து பயிலும் சக விமானியுடன் காகிதக் காக்பிட் படத்தின் முன் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். சிமுலேட்டர் தேர்வுக்குப் பின், பயணிகளோடு பறந்தபடியே செக் ஏர்மேன் (நிறுவனத்தின் மதிப்பீட்டு விமானி) மேற்பார்வையில் வழக்கமாக 25 மணி நேரம் பழக வேண்டும். அந்தப் பறத்தலில் வானொலியும் கணினியும் உங்களை முந்திக்கொண்டு ஓடுவது போலிருக்கும். அது எல்லோருக்கும் நேர்வதுதான்.

பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்வது சீனியாரிட்டி எண், அதாவது பணியில் சேர்ந்த வரிசை. எந்த ஊர் பேஸ் (பணி தொடங்கும் விமான நிலையம்), எந்த நாள் விடுமுறை என எல்லாமே அந்த வரிசைப்படிதான். புதியவர் பெரும்பாலும் ரிசர்வில் (அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில்) இருப்பார். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், கிறிஸ்துமஸும் அதற்கு விலக்கல்ல. சம்பளம் பறக்கும் மணிக்கணக்கில்தான் என்பதால், ஒப்பந்தத்தில் மாத உத்தரவாதம் எத்தனை மணி என்று பார்த்துக் குடும்பச் செலவைத் திட்டமிடுங்கள். பணிகளுக்கிடையே 10 மணி நேர ஓய்வும் அதற்குள் 8 மணி நேரத் தூக்க வாய்ப்பும் சட்டம் தருபவை. களைத்திருந்தால் பறக்க இயலாது என்று சொல்வதும் உங்கள் கடமை.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டதற்கு என் கருத்து: பயிற்சிக் காலத்தில் அவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், பேஸ் உறுதியான பிறகு அங்கேயே குடியேறுங்கள். வேறு ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு, ஜம்ப்சீட்டில் (விமானிகளுக்கான கூடுதல் இருக்கையில்) வந்து கிராஷ்பேடில் (விமானிகள் பகிர்ந்துகொள்ளும் தற்காலிகத் தங்குமிடத்தில்) படுத்துப் பணிக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் விடுமுறை நாட்களில் பாதி பயணத்திலேயே கரைந்துபோகும். பஃபலோவில் விழுந்த விமானத்தின் துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து நியூவார்க்கிற்குப் பணிக்கு வந்தவர் என்பது விசாரணைப் பதிவில் இருக்கிறது. பேஸ்கள் மூடப்படுவதும் மாறுவதும் உண்டு என்பதால், வீடு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, குறுகிய கால வாடகை ஒப்பந்தமே போடுங்கள்.

நேர்காணல் தேதி உறுதியானதும் தெரிவியுங்கள். மாலை வேளைகளில் காணொளியில் சந்தித்து, கேப்டன் சம்பந்தமான கேள்விகளிலிருந்தே தொடங்கிப் பயிற்சி தருகிறேன்.