எக்ஸ்ரே நார்மல் என்றால் சி.டி. ஸ்கேன் வேண்டாமா?

நேற்று அம்மாவுக்கு உணவுக்குழாய்ச் சுருக்கத்தைப் பலூன் விட்டு விரித்தார்கள், குன்னூர் திரும்பியதும் நெஞ்சு வலி, எக்ஸ்ரேவில் ஒன்றுமில்லை, ஆனாலும் டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்கிறார், அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம். இன்றே எடுங்கள்.

என் அப்பாவுக்கும் இதே பலூன் சிகிச்சைதான். கோயம்புத்தூரில் முடித்துக்கொண்டு மாலையே கோத்தகிரி வந்துவிட்டோம். ராத்திரி வலி முதுகு வரை இழுத்தது. தொண்டை புண்ணாகியிருக்கும் என்று நான்தான் சூடாக டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது. குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் குடிப்பதெல்லாம் நெஞ்சுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். அதனால் ஸ்கேன் முடியும்வரை அம்மாவுக்கு டாக்டரைக் கேட்காமல் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

காலையில் எடுத்த எக்ஸ்ரே எங்களுக்கும் நார்மல்தான். ஆரம்ப மணி நேரங்களில் அப்படி இருக்கலாம். டூட்டி டாக்டர் அதோடு விடவில்லை. அப்பாவின் காறை எலும்புக்கு மேலே விரலால் அழுத்தியவர், என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் கல் உப்பை நெருடுவது போல நறநறவென்றது. "காத்து கசிஞ்சிருக்கு, உடனே கீழே கூட்டிட்டுப் போங்க" என்றார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கீழே அயோடின் கலந்த தண்ணீர் போன்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்து சி.டி. எடுத்தார்கள். குழாயைச் சுற்றிக் கருப்புப் பொட்டுகளாகக் காற்று; ஓரிடத்தில் வெள்ளை நூல் போல மருந்து வெளியே கசிந்திருந்தது. எக்ஸ்ரேயில் தெரியாத சின்னக் கசிவையும், நெஞ்சில் தேங்கிய நீரையும் சி.டி. பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வழக்கமாக எக்ஸ்ரேக்கு விழுங்கக் கொடுக்கும் வெள்ளை மருந்தான பேரியம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அது வெளியே கசிந்தால் உள்ளேயே தங்கிப் புண்ணாக்குமாம். முதலில் தண்ணீரில் கரையும் மருந்து, அதில் கசிவு தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் அப்புறம் பேரியம். அம்மாவுக்கு அடிக்கடி புரையேறுமா, சிறுநீரகக் கோளாறு உண்டா, இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

அப்பாவுக்கு உள்ளே ஸ்டென்ட், அதாவது ஓட்டையை மூடும் சின்னக் குழாய், வைத்துக் காப்பாற்றினார்கள். ஓட்டை விழுந்து 24 மணி நேரம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து கூடும். விடியட்டும், மூடுபனி விலகட்டும் என்று இருக்க வேண்டாம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போய், பலூன் விட்டது எத்தனை மணிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள்.