வசனம் என்னைத்தான் சொல்கிறதா?

கேள்வி: பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 11 வருடம் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு மெட்ரோ ஏறி, பீன்யாவுக்குப் பதில் லால்பாக் போய் உட்கார்ந்திருக்கிறேன். என் செயினை அடகு வைத்த பணத்தைத்தான் சம்பளம் என்று கொடுக்கிறேன். போன வாரம் சபையில், தன் வீட்டாரை விசாரியாதவன் ‘அவிசுவாசியிலும் கெட்டவன்’ என்ற வசனத்தை வாசித்தார்கள். அது நான்தானா அக்கா?
- வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: இல்லை தம்பி. 1 தீமோத்தேயு 5:8-ஐ மட்டும் பிடுங்கி எடுத்தால் அதை வைத்து யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். 3-ஆம் வசனத்திலிருந்து 16 வரை சேர்த்துப் படியுங்கள். பேச்சு முழுக்க விதவைகளைப் பற்றியது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தும் ‘சபை பார்த்துக்கொள்ளட்டும்’ என்று கைகழுவாதீர்கள் என்கிறார் பவுல். முடிந்தும் செய்யாதவர்களுக்கான கண்டிப்பு அது. வேலை பறிபோனவர்மேல் அது பாயாது.

நீங்கள் படிக்கவேண்டியது 2 இராஜாக்கள் 4. ஒரு பெண்ணின் கணவன் இறந்துவிட்டான். கடன்காரன் இரண்டு மகன்களையும் அடிமையாக்க வந்துவிட்டான். அந்தப் பெண் தீர்க்கதரிசி எலிசாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். ‘வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரம் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்றார். யோசித்துப் பாருங்கள், தெருவுக்கே தெரிந்திருக்குமே! ‘எதுக்கும்மா இத்தனை பாத்திரம்?’ என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தது அவள் பிள்ளைகள்தான், அவர்களிடமும் மறைக்கவில்லை. அந்த ஒரு குடம் எண்ணெய் எல்லாப் பாத்திரமும் நிறையும்வரை பெருகியதைப் பற்றித்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்கென்னவோ அவள் வாசல் வாசலாகப் போய்க் கேட்டதுதான் பெரிதாகப் படுகிறது. கடைசியில் எலிசா சொன்னது: எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததில் பிழைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு தலைகீழ். கடன் வாங்கி அதற்குச் சம்பளம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வட்டி ஏறும், ஒருநாள் ஏல நோட்டீஸ் வீட்டுக்கே வரும். அதற்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு அடகு ரசீதை மனைவி கையில் கொடுங்கள். திட்டுவார், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். இருக்கட்டும். (கழுத்தில் செயின் இல்லாததை அவர் இன்னும் கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்?)

அப்புறம் இருவரும் உட்கார்ந்து, வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். 11 வருடம் வேலை பார்த்திருப்பதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரவேண்டும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம். ஆட்குறைப்புக்கான இழப்பீடு தனி. இவை கைக்கு வந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வரவில்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பி.எஃப்.பிலும் ஒரு பகுதியை எடுக்கலாம். வந்த பணத்தில் முதல் வேலையாகச் செயினை மீட்டுவிடுங்கள், வட்டியாவது நிற்கும். வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் சின்ன வீடாகப் பாருங்கள். பெங்களூரில் அட்வான்ஸே பெரிய தொகை, வித்தியாசம் கையில் நிற்கும்.

பழைய கூட்டாளிகளுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். பீன்யாவில் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைய, மெஷின் செட்டிங் தெரிந்த கை அவர்களுக்கு வேண்டும். நைட் ஷிஃப்டாக இருந்தாலும், நாலாயிரம் ஐயாயிரம் குறைந்தாலும் இப்போதைக்குச் சேர்ந்துவிடுங்கள்.