கடையில இருந்து ஒபிசுக்கு: நீங்கள் கேட்டதும் நான் சொல்லுறதும்

நான் முந்தி யாழ்ப்பாணம் ரவுணில ஒரு புடவைக்கடையில கேஷியரா நிண்டனான். இப்ப ஒரு கொம்பனியில எக்கவுண்ட்ஸ் பகுதியைப் பார்க்கிறன், ஆள் எடுக்கேக்க வாற சீவியளை, அதாவது சுயவிபரக் கடிதங்களை, முதல் பார்க்கிறதும் நான்தான். அதால கடை வேலையில இருந்து ஒபிஸ் வேலைக்கு மாறுறதைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொன்னனான், கனபேர் கேட்டிருக்கிறியள்.

சுன்னாகத்தில இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, ஏ.எல் கொமர்ஸ் பாஸ். சுப்பர்மார்க்கெற்றில கிட்டத்தட்ட அஞ்சு வருசம். சீவியில 'சேல்ஸ் அசிஸ்டன்ட்' எண்டதுக்கு மேல எழுத ஒண்டும் இல்லையே?

கனக்க இருக்கு தங்கச்சி. இரவு கவுண்டர் மூடேக்க காசையும் கார்ட் ஸ்லிப்பையும் ரிப்போர்ட்டோட ஒப்பிட்டுப் பார்த்துக் குடுக்கிறீங்கள்தானே, லொறியில சாமான் வந்தா இன்வொய்ஸில இருக்கிற எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும் சரியோ எண்டு பார்த்து சைன் வைக்கிறீங்கள், திகதி முடிஞ்ச சாமானை சப்ளையருக்குத் திருப்பி அனுப்பிறீங்கள், வருசக் கடைசியில ஸ்டொக் எடுக்கிறீங்கள். எக்கவுண்ட்ஸ் கிளார்க்கா வாற பிள்ளைக்கு முதல் மாசம் நான் பழக்கிறது இதைத்தான். பதவிப் பேரை மட்டும் எழுதி விடாம இந்த வேலையள் ஒவ்வொண்டையும் ஒரு வரியில எழுதுங்கோ. என்னட்ட வாற சீவியில கடையில நிண்ட ஆக்களின்ரதுதான் ஆகச் சின்னனா இருக்கும், அதைப் பார்க்க எனக்குக் கவலையாத்தான் இருக்கு.

இன்னொண்டு, அஞ்சு வருசத்துக்குக் கிட்ட எண்டு சொன்னபடியால கட்டாயம் சொல்லோணும். 1983ஆம் ஆண்டின்ர பணிக்கொடைச் சட்டப்படி 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில 5 வருசம் முழுசா முடிச்சா, வருசத்துக்கு அரை மாசச் சம்பளக் கணக்கில காசு வரும். நாலே முக்கால் வருசத்தில கடிதம் குடுத்திட்டு வெளிக்கிட்டா அது இல்லை. நியமனக் கடிதத்தை எடுத்து திகதியை இண்டைக்கே பாருங்கோ.

சாவகச்சேரியில இருந்து ஒரு தம்பி: ஓ.எல் மட்டும்தான் அக்கா. டிப்ளோமா எண்டு சொல்லி ஒவ்வொரு இடத்திலயும் பெரிய காசு கேக்கினம். எதை நம்பிறது?

காசு கட்ட முதல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ, இது என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமை, சேர்ட்டிபிக்கற்றோ, எத்தினையாம் லெவல்? சுத்தி வளைச்சுக் கதைச்சினமெண்டா எழும்பி வாங்கோ. பிறவுண் வீதி தொழில்நுட்பக் கல்லூரியிலயும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலயும் முதல் விசாரிச்சுப் பார்த்திட்டு பிறகு தனியார் இடத்துக்குப் போகலாம். ஏற்கனவே செய்த வேலை அனுபவத்தைச் சோதிச்சு, வகுப்புக்குப் போகாமலே என்விகியூ குடுக்கிற முறையும் இருக்கு, உங்கட வேலைக்கு அது பொருந்துமோ எண்டும் அங்கயே கேளுங்கோ. எக்கவுண்ட்ஸ்தான் உங்கட பாதை எண்டு முடிவா இருந்தா ஏஏரி எண்ட கணக்கியல் படிப்பைப் படிக்கலாம், வேலை செய்துகொண்டே படிக்கிற ஆக்கள் இஞ்ச கனபேர். எந்தக் கோர்ஸ் எண்டாலும் எக்செலில தேடி எடுக்கிற விலுக்கப்பும் தொகுத்துக் காட்டுற பிவட் டேபிளும் கை தன்ர பாட்டில போற அளவுக்குப் பழகுங்கோ.

நல்லூரில இருந்து, 38 வயசு, ரெண்டு பிள்ளையள்: இந்த வயசில எடுப்பினமோ? ரைப்பிங் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில மட்டும்தான் தெரியும்.

உண்மையைச் சொல்லுறன், பாங்க் ட்ரெய்னி மாதிரி வேலையளுக்கு விளம்பரத்திலயே வயசெல்லை போட்டிருக்கும், அதுக்கு மினக்கெட வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரி, சட்டத்தரணியின்ர ஒபிஸ், ஓடிற் (கணக்காய்வு) பார்க்கிற இடங்கள், இதுகளில நிதானமான ஆளைத்தான் தேடுவினம், கடையில சனத்தோட கதைச்சுப் பழகின உங்களுக்கு அது பெரிய பலம். ஓடிற் இடங்களில தொடக்கச் சம்பளம் குறைவு, ஆனா வேலை படிக்கிறதுக்கு அதைப்போல இடம் வேற இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.

பாமினியை விடாதேங்கோ, இஞ்ச பழைய கடிதங்கள் எல்லாம் அதிலதான் கிடக்கு. ஆனா ஈமெயிலுக்கும் போனுக்கும் எங்கயும் வாசிக்கக்கூடிய யூனிகோட் எழுத்து வேணும். விசைப்பலகையை பாமினி முறையிலயே வைச்சுக்கொண்டு யூனிகோட்டில அடிக்கலாம், அதால புதுசாப் பழக வேண்டி வராது.

திருநெல்வேலியில இருந்து ஒரு தம்பி: இப்ப கொமிஷன், ஓவர்டைம் எல்லாம் சேர்த்தா கடையிலதான் கூட வருது. ஒபிசுக்குப் போனா நட்டமோ?

கையில வாறதை மட்டும் பார்க்காதேங்கோ. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகினமோ எண்டு கேளுங்கோ. 40,000 சம்பளம் எண்டா உங்களிட்ட 8 வீதம், 3,200 கழியும், முதலாளி 12 வீதம், 4,800 போடோணும், ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,200 அதுவும் அவர்தான். மாசம் 9,200 உங்கட பேரில சேருது. ஓவர்டைம் காசுக்கு ஈபிஎப் இல்லை, அதால ஓவர்டைமில தங்கி நிக்கிற சம்பளம் பார்க்கப் பெரிசு, சேமிப்பு சின்னன். இந்தச் சட்டம் கடைக்கும் ஒபிசுக்கும் ஒண்டுதான், கடையில கட்டாம விட்டா அது உங்கட உரிமையை மறுக்கிறது, தொழில் திணைக்களத்தில முறையிடலாம்.

அதே தம்பி: லீசிங் கொம்பனி மார்க்கெற்றிங் ஒபிசர் வேலை வந்திருக்கு, போகவோ?

அது மோட்டச்சைக்கிளில ரார்கெற்றுக்கு ஓடுற வேலை தம்பி. மேசை வேலைதான் வேணுமெண்டா அங்கயே கேஷ் கவுண்டரோ பேக் ஒபிசோ இருக்கோ எண்டு கேளுங்கோ.

பேர் போட வேண்டாமெண்ட ஒரு பிள்ளை: கடை முதலாளி சொந்தக்காரர். மாமாதான் சேர்த்து விட்டவர். எப்பிடிச் சொல்லுறது?

முதல் மாமாட்ட சொல்லுங்கோ, வேற ஆள் மூலம் அவருக்குத் தெரிய வந்தா அது வேற பிரச்சினையாப் போகும். பிறகு முதலாளியிட்ட நேர போய், போனில இல்லை, ஒரு மாசம் முன்னுக்குச் சொல்லுங்கோ, நியமனக் கடிதத்தில அதைவிடக் கூடின காலம் போட்டிருந்தா அதின்படி. தீபாவளிக்கு முதல் கிழமை வெளிக்கிடாதேங்கோ, கடைக்கு உயிர் போற நேரம் அது. சாவி, காசு, ஸ்டொக் கொப்பி எல்லாத்தையும் எழுத்தில ஒப்படைச்சு சைன் வாங்குங்கோ. சேர்விஸ் லெற்றர் கடையின்ர லெற்றர்ஹெட்டில வேணும், சேர்ந்த திகதி, விட்ட திகதி, செய்த வேலையள் மூண்டும் அதில இருக்கோணும். அவருக்கு எழுத நேரம் இல்லையெண்டா நீங்களே ரைப் பண்ணிக் கொண்டு போங்கோ, வாசிச்சுப் பார்த்து சைன் வைச்சுத் தருவார்.