பதினைந்து பேர் போதுமா?

கேள்வி: சமூகவியல் இறுதியாண்டு மாணவி நான். கனடாவுக்குப் போன எங்கட தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத விருப்பம். வட்ஸ்அப்பில் 15 பேரை 3 மாதத்தில் நேர்காணல் செய்யலாம் என நினைக்கிறேன். "பதினைஞ்சு பேரோட கதைச்சா அது ஆராய்ச்சியா, ஊர்வம்பா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? (ஒரு வாசகி, கொக்குவில்)

பதில்: எத்தனை பேர் என்று எண்ணத்தான் வினாக்கொத்து. எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய நேர்காணல்தான் வழி. அதற்கு 15 பேர் குறைவில்லை, உங்கள் 3 மாதம்தான் குறைவு. ஒரு மணிநேரப் பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத ஆறேழு மணிநேரம் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு தரம் கதைத்தால் 30 பதிவு. எழுத்துவேலைக்கே 200 மணிநேரம்.

எழுதும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "என்னோட இருக்கிற ஆள் சமைக்கும்" என்று ஒருவர் சொன்னால், அந்த 'ஆள்' தற்செயலாக வந்த சொல்லல்ல. ஊரில் இருக்கும் தாயோடு கதைக்கும்போது 'அவர்' என்றும் 'அவ' என்றும் சொல்லாமல் தப்பிப் பழகிய வாய் அது. நீங்கள் அதை 'அவர் சமைப்பார்' என்று நல்ல தமிழாக்கினால் ஆய்வுக்கு வேண்டியதையே அழித்துவிடுவீர்கள்.

வீட்டார் சொன்ன ஊர்வம்புக்கு வருகிறேன். அந்த ஆபத்து மெய்தான், ஆனால் அது வருவது எண்ணிக்கையால் அல்ல. "பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று எல்லோரும் முன்னுரையில் எழுதிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெயர் யாருக்கு வேண்டும்? தகப்பன் தபாலதிபர், இரண்டு அக்காமார், 2010இல் போனவர், இன்ன கோயிலடி. இவ்வளவும் போதும், மிச்சத்தைக் கலியாணத் தரகர் சொல்லிவிடுவார். ஊரை 'வலிகாமத்தில் ஒரு கிராமம்' என்றும் ஆண்டை 'போர் முடிந்த பிறகு' என்றும் எழுதுங்கள். தபாலதிபரைக் கிராம அலுவலராக்கலாம். கூலித்தொழிலாளியாக்கினால் வர்க்கமே மாறிவிடும்.

சம்மதத்துக்குக் கையொப்பம் வாங்க வேண்டாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவைக் குற்றமாக்குகின்றன என்பதை மறக்காதீர்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் உள்ளே இழுத்தது. பதிவின் தொடக்கத்தில் பெயர் சொல்லாமல் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினால் போதும். இதற்கு ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்துவிடுங்கள்.

இனி ஆள் பிடிக்கும் விதம். ஒருவர் மூலம் அடுத்தவர் என்று போனால், கடைசியில் 15 பேரும் ஒரே பிறந்தநாள் விழாவில் நின்றவர்களாக இருப்பார்கள். கலியாணம் கட்டிப் பிள்ளைகளோடு மறைந்து வாழ்பவர் அந்த வழியால் வரவே மாட்டார், பெண்களும் குறைவாகத்தான் வருவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு இடங்களில் தொடங்குங்கள். ஒருவர் காட்டும் ஆட்களில் இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள்.

"எப்ப இருந்து இப்படி என்று தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1993இல் வார்ட் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் பாலீர்ப்பையும் அகதிப் பாதுகாப்புக்குரிய காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அந்த வழியால் போனவர்கள் இதே கேள்விக்கு வழக்கறிஞரோடு இருந்து ஒத்திகை பார்த்தவர்கள். உங்களுக்கும் கோப்பில் உள்ள பதில்தான் வரும். முதலில் இருந்த பேஸ்மன்ட் அறையில் யார் யார், அம்மாவின் அழைப்பு வந்தால் எங்கே போய்க் கதைப்பீர்கள் என்று கேளுங்கள். அகதி வழக்கு இன்னும் முடியாத ஒருவரைப் பதிவே செய்யாதீர்கள். கோப்பில் உள்ள ஒரு திகதியோடு உங்கள் பதிவு முரண்பட்டால் அடி அவருக்குத்தான்.

நேரத்தையும் பாருங்கள். ஸ்காபரோவில் கோடைகால இரவு 9 மணி என்றால் கொக்குவிலில் காலை 6.30. அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கதைப்பார். இங்கே உங்கள் அம்மா குசினியில் தேத்தண்ணி வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பா. ஹெட்போன் போட்டாலும் உங்கள் கேள்விகள் வெளியே கேட்கும், ஆகவே வேறு இடம் பாருங்கள்.

3 மாதத்தை நீட்ட முடியாதென்றால் 6 பேரை எடுத்து, ஆளுக்கு இரண்டு தரம் கதையுங்கள்.